பருத்தி விதையும் பருத்திக்கொட்டையும் ஒன்றா? மிச்ச பாக்கெட்டை மாட்டுக்கு வைக்கலாமா?

கறவைக்காரன் | 2025 ஜூன் 3, காலை 7.40

தீவனக் கடையில் "பருத்திக்கொட்டை" என்று மூட்டையில் விற்கிறார்கள். விதைக்கடையில் "பருத்தி விதை" என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். செடி ஒன்று, காய் ஒன்று, பேர்தான் ரெண்டு என்கிறார் கடைக்காரர். போன பட்டத்தில் வாங்கிய பி.டி. (காய்ப்புழுவைத் தடுக்கும் மரபணு சேர்த்த பருத்தி) பாக்கெட் ரெண்டு பிரிக்காமலே கிடக்கிறது. காலாவதித் தேதி தாண்டிவிட்டது. ஊறவைத்து ஆட்டிக் கறவை மாட்டுக்கு வைத்தால் வீணாகாமல் போகும். வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல் | ஜூன் 3, காலை 8.05

வைக்காதீர்கள் தம்பி. முதலில் அந்தப் பாக்கெட்டைத் தீவனம் இருக்கும் இடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். காரணத்தை அடுத்து எழுதுகிறேன்.

கரிசல் | ஜூன் 3, காலை 9.30

பாக்கெட் விதை சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். அது விதையின் இயல்பான நிறமில்லை, மருந்து பூசியிருக்கிறது என்று காட்டச் சேர்த்த சாயம். பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்தும், தைரம் போன்ற பூஞ்சணக்கொல்லியும் அதில் இருக்கும். முளைத்து வரும் செடியை அசுவினி, தத்துப்பூச்சி, நாற்றழுகல் அண்டாமல் காப்பதற்காகப் பூசுவது. உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்று லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

கழுவிவிட்டால் போதுமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். போதாது. மருந்தைப் பசை சேர்த்துப் பூசுகிறார்கள். கழுவினால் சாயம் வெளுக்கும், மருந்து முழுக்கப் போகாது. இமிடாகுளோபிரிட் செடியின் சாற்றோடு ஏறும் வகை மருந்து, ஊறவைக்கும்போது ஓட்டுக்குள்ளும் இறங்கும். போதாததற்குக் கழுவிய தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அங்கே கோழியும் ஆடும் குடிக்கும். காலாவதித் தேதி முளைப்புத்திறனுக்குச் சொன்னது. தேதி முடிந்தால் முளைப்புதான் குறையும், மருந்தின் நஞ்சு அப்படியேதான் இருக்கும்.

கிணறு, வாய்க்கால், கால்நடை மேயும் இடம் மூன்றிலிருந்தும் விலகி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். அட்டையையும் உறையையும் கிழித்து அதே குழியில் போடுங்கள். அடுப்பில் போட்டு எரிக்க வேண்டாம்.

கரிசல் | ஜூன் 3, மாலை 6.15

பேர் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் செடியியல்படி சரி, வியாபாரப்படி தப்பு. சந்தையில் இவை தனித்தனிச் சரக்கு:

பருத்தி: காட்டில் எடுத்தபடியே, பஞ்சும் கொட்டையும் சேர்ந்தது. வடக்கே கபாஸ் என்பார்கள்.

பஞ்சு: ஜின்னிங் மில்லில் அரைத்துக் கொட்டை நீக்கியது.

பருத்திக்கொட்டை: அரவையில் பஞ்சு போக மிஞ்சியது. ஆட்டும் ஆலைக்கும் தீவனத்துக்கும் போவது. ஒரே குவியலில் பல வயல், பல ரகம் கலந்திருக்கும்.

பருத்தி விதை: விதைப்பதற்கென்றே தனியாக அரைத்து, சோதித்து, மருந்து பூசி, லேபிள் ஒட்டியது. சான்று விதைக்கு முளைப்பு குறைந்தது 65 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம், ஈரப்பதம் அதிகபட்சம் 10 சதவீதம்.

தீவனக் கடையில் "விதை குடுங்க" என்று கேட்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அங்கே ஆபத்தில்லை, கடைக்காரருக்கு இருப்பதே கொட்டைதான். வீட்டில் ரெண்டையும் "விதை" என்றே சொல்லி ஒரே பரணில் வைக்கும்போதுதான் வினை. மாட்டுக்கு ஊறவைக்கும் ஆளுக்கு எந்த மூட்டை எதற்கென்று தெரியாது.

ஆலைத்தெரு | ஜூன் 4, காலை 6.50

தலைகீழாகவும் ஒரு தப்பு நடக்கிறது. மில்லில் கொட்டையை மலிவாக வாங்கி விதைப்பது. "இதுவும் பி.டி. கொட்டைதானே, பாக்கெட்டுக்கு ஏன் அவ்வளவு கொடுக்கணும்" என்கிறார்கள்.

கரிசல் | ஜூன் 4, காலை 8.20

அவசியம் சொல்ல வேண்டிய விஷயம். இங்கே விற்கும் பி.டி. கிட்டத்தட்ட எல்லாமே வீரிய ஒட்டு. அந்த வயலில் எடுத்த கொட்டை இரண்டாம் தலைமுறை, குணங்கள் பிரிந்துவிடும். ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி தோளளவு. ஒன்று முந்திக் காய்க்கும், ஒன்று பிந்தும். பஞ்சின் நீளமும் ஒரே சீராக இராது. அதோடு, ஒட்டுச்செடிக்குப் பி.டி. மரபணு தாய், தந்தை இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வந்திருந்தால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு பங்குச் செடிக்கு அது வராமலே போகும். அந்தச் செடிகளில் காய்ப்புழு தாராளமாகப் பெருகும்.

இன்னொன்று அரவைச் சேதம். மில்லில் கொட்டையின் ஓடு கீறினாலும் ஆட்டுவதற்குக் குறையில்லை. விதைத்தால் கீறல் வழியே பூஞ்சணம் இறங்கி மண்ணுக்குள்ளேயே அழுகும்.

சொந்த விதை வேண்டுமென்றால் ஒட்டு அல்லாத ரகங்களில் வைத்துக்கொள்ளலாம். எம்.சி.யு. 5, எல்.ஆர்.ஏ. 5166, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். ரகங்கள், கோவில்பட்டியின் 'கே' வரிசைக் கருங்கண்ணி எல்லாம் அடுத்த தலைமுறையிலும் தாய்ச்செடி போலவே வரும். நடுப்பறிப்பில், செடியின் நடுக்கிளைக் காய்களை மட்டும் தனியே எடுங்கள். மழையில் நனைந்தது, கடைசிப் பறிப்பு, புழு பட்டது எதையும் சேர்க்காதீர்கள்.

கறவைக்காரன் | ஜூன் 4, இரவு 9.10

பாக்கெட்டைப் புதைத்துவிட்டேன் அண்ணே. இப்போது அடுத்த சந்தேகம். கொட்டை விலை ஏறினால் பருத்தி விலை ஏறுகிறது என்கிறார்கள். பஞ்சு விலைதானே கணக்கு?

கரிசல் | ஜூன் 5, காலை 7.00

இரண்டும்தான். 100 கிலோ பருத்தி அரைத்தால் ஏறக்குறைய 34 கிலோ பஞ்சு, 64 கிலோ கொட்டை, 2 கிலோ தூசும் கழிவும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு கொட்டை. பஞ்சு கிலோ 150 ரூபாய், கொட்டை கிலோ 35 ரூபாய் என்று வைத்துப் போடுங்கள்: பஞ்சு 5,100, கொட்டை 2,240, ஆக 7,340. அரவைக் கூலியையும் லாபத்தையும் கழித்துக்கொண்டுதான் வியாபாரி குவிண்டாலுக்கு விலை சொல்வார். கொட்டை கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் குவிண்டாலுக்கு 320 ரூபாய் கூடும். பஞ்சு விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பேரம் பேசினால் இந்த 320 பேச்சிலேயே வராது.

பஞ்சு விலையைக் கண்டியில் சொல்வார்கள், ஒரு கண்டி 355.6 கிலோ. பேல் 170 கிலோ. கொட்டையைக் குவிண்டாலில் சொல்வார்கள். மூன்றையும் கிலோவுக்கு மாற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஆலைத்தெரு | ஜூன் 5, பிற்பகல் 2.40

மேற்கொண்டு ஆலைக்குள் என்ன ஆகிறது என்றும் எழுதுங்கள். புண்ணாக்கு வாங்குகிறவர்களுக்கு உதவும்.

கரிசல் | ஜூன் 6, காலை 7.30

ஆட்டுவதில் இரண்டு வழி. முறைப்படி செய்தால் கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் குட்டை இழையை முதலில் சீவி எடுப்பார்கள், அது லிண்டர். பிறகு ஓட்டை உடைத்துப் பிரித்து, பருப்பை மட்டும் ஆட்டுவார்கள். 1,000 கிலோவுக்குத் தோராயமாக லிண்டர் 80, ஓடு 270, புண்ணாக்கு 450, எண்ணெய் 160, மீதி சேதாரம். ஓடு நீக்கிய அந்தப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்தை ஒட்டி வரும்.

நம் நாட்டில் பெரும்பகுதி அப்படி நடப்பதில்லை. லிண்டரும் ஓடும் சேர்த்து அப்படியே எக்ஸ்பெல்லரில், அதாவது நெருக்கிப் பிழியும் இயந்திரத்தில், விடுகிறார்கள். 1,000 கிலோவுக்கு எண்ணெய் 110 முதல் 130 கிலோ, மீதி புண்ணாக்கு. புரதம் 20 முதல் 24, எண்ணெய் 6 முதல் 8 சதவீதம். குஜராத்தின் கடி, மகாராஷ்டிரத்தின் அகோலா பக்கமிருந்து வரும் சரக்கு பெரும்பாலும் இதுதான். என்.சி.டி.இ.எக்ஸ். முன்பேரச் சந்தையில் பேரமாவதும் இந்தப் புண்ணாக்கே.

ஆகவே "பருத்திப் புண்ணாக்கு" என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. ஓடு நீக்கியதா, நீக்காததா? விலை ஒன்றாகவே இருந்தாலும் புரதம் பாதிக்குப் பாதி. ஒரு கைப்பிடியை அகலமான தட்டில் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பாருங்கள். ஓடு நீக்காததில் கறுப்புச் சில்லும் பஞ்சிழையும் தெளிவாகத் தெரியும். அடியில் மணல் படிந்தால் அந்தக் கடையை மாற்றுங்கள்.

கறவைக்காரன் | ஜூன் 6, இரவு 8.30

கொட்டை நல்லதா என்று பார்க்கத் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள். மூழ்கினால் நல்லது, மிதந்தால் சொத்தை. நான் போட்டேன், பாதிக்கு மேல் மிதக்கிறது. மூட்டையைத் திருப்பிக் கொடுக்கட்டுமா?

கரிசல் | ஜூன் 7, காலை 6.40

திருப்ப வேண்டாம். அந்தச் சோதனை இழை நீக்கிய விதைக்குச் சொன்னது. இழையோடு இருக்கும் கொட்டையில் இழைக்குள் காற்று சிக்கிக்கொண்டு நல்லதும் மிதக்கும்.

வெட்டிப் பாருங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து 50 கொட்டையை பிளேடால் நீளவாக்கில் பிளக்கவும். நல்ல பருப்பு ஓடு நிறைய, வெளிர் மஞ்சளும் லேசான பச்சையும் கலந்து மடிந்து மடிந்து இருக்கும். அதில் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகள் தெரியும். பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம், அவை காசிபால் என்ற நச்சுப்பொருள் இருக்கும் சுரப்பிகள், பருத்திக்கு இயற்கையானவை. பருப்பு பழுப்பேறி இருந்தால் பழசு அல்லது குவியலில் சூடேறியது. சுருங்கி ஓட்டுக்குள் ஆடினால் முற்றாதது. சாம்பல் பூத்து, முகர்ந்தால் ஊசல் வாடை அடித்தால் வாங்காதீர்கள். 50க்கு நாலைந்து கெட்டது இருக்கத்தான் செய்யும். பத்தைத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள்.

ரெண்டு கொட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா என்றும் தேடுங்கள். அந்த இரட்டைக்கொட்டைக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு சுருண்டு கிடக்கும். உணவில்லாமல் மாதக்கணக்கில் உறங்கும், அடுத்த பட்டத்தில் அந்துப்பூச்சியாகி வெளியே வரும். பருத்திக் காட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கொட்டை மூட்டை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டம் தொடங்குமுன் சரக்கைத் தீர்த்துவிடுங்கள், அல்லது கொட்டகைக்குள் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிடுங்கள்.

கறவைக்காரன் | ஜூன் 7, காலை 10.00

சரி, நல்ல கொட்டைதான். எவ்வளவு வைக்கலாம்? எங்கள் பக்கம் ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஆட்டி, தவிட்டோடு கலந்து வைப்பார்கள். முழுசாக வைக்கச் சொல்கிறார் ஒருத்தர். எது சரிங்க?

கரிசல் | ஜூன் 8, காலை 7.15

இதைச் சற்று நீட்டித்தான் எழுத வேண்டும்.

காய்ந்த எடைக்குக் கணக்கிட்டால் இழையோடு உள்ள கொட்டையில் புரதம் சுமார் 23, கொழுப்பு 19, நார் 50 சதவீதம். புரதம், எரிசக்தி, நார் மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். பால் கொழுப்பு ஏறுவதற்குக் காரணம் இதுவே. வெண்ணெய் சற்று இறுகலாக இருக்கும், கொட்டை எண்ணெயில் பால்மிடிக் அமிலம் நாலில் ஒரு பங்கு வரை இருப்பதால்.

அளவைக் கட்டுப்படுத்துவதும் அதே கொழுப்புதான். மாடு ஒரு நாளில் தின்னும் உலர்பொருளில் (ஈரம் கழித்த தீவன எடையில்) மொத்தக் கொழுப்பு 5, 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரைப்பையின் நுண்ணுயிர்கள் நாரைச் செரிப்பது குறையும், மாடு வைக்கோலை ஒதுக்கும், சாணம் இளகும். 12 கிலோ உலர்பொருள் தின்னும் கலப்பினப் பசுவுக்கு உச்சவரம்பு 600 முதல் 700 கிராம் கொழுப்பு. புல், வைக்கோல், தவிட்டிலேயே 300 கிராம் வந்துவிடும். 2 கிலோ கொட்டையில் ஈரம் கழித்தால் 340 கிராம். ஆக 2 கிலோதான் உச்சம். 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 1 முதல் 1.5 கிலோ போதும். புண்ணாக்கையும் சேர்த்து வைத்தால் அதற்குத் தக்கபடி கொட்டையைக் குறையுங்கள்.

முழுசா, ஆட்டியதா? முழுக்கொட்டை இழையோடு இரைப்பையில் மிதக்கும் புல்லோடு சிக்கிக்கொள்ளும், அசைபோடும்போது கொஞ்சம் கொஞ்சமாக உடையும். எண்ணெயும் மெதுவாக இறங்கும், காசிபாலும் மெதுவாக இறங்கும். ஆட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். எனவே ஆட்டி வைப்பவர்கள் ஒரு கிலோவுக்குள் நிறுத்தி, காலை மாலை இரண்டு வேளையாகப் பிரித்து வைப்பது நல்லது. வயசான, பல் தேய்ந்த மாட்டுக்கு ஆட்டித்தான் வைக்க வேண்டும். இளம் கறவைக்கு எட்டு மணி நேரம் ஊறவைத்து முழுசாக வைத்தாலே போதும். சாணத்தில் முழுக்கொட்டையாக நிறைய வந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது அசைபோடும் அளவுக்குக் காய்ந்த தீவனம் போதவில்லை.

புதிதாகத் தொடங்கும்போது கால் கிலோவில் ஆரம்பித்துப் பத்து நாளில் ஏற்றுங்கள். ஊறவைத்த தண்ணீர் புளித்து நுரைத்தால் கொட்டிவிடுங்கள். கோடையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது.

கரிசல் | ஜூன் 8, மாலை 5.50

காலையில் எழுதியதோடு இதுவும் சேர வேண்டும். கொட்டையில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். கறவை மாட்டுக்குத் தாது உப்புக்கலவை சேர்க்காமல் கொட்டையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஆட்டுக்கிடாய்க்கு இதே காரணத்தால் சிறுநீரில் கல் அடைக்கும், காயடித்த கிடாய்க்கு அபாயம் இன்னும் அதிகம்.

மருதாணி | ஜூன் 9, காலை 9.20

கோழிக்குப் பருத்திப் புண்ணாக்கு போட்டால் காசிபாலால் முட்டை வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகும் என்று படித்தேன். அதே காசிபால் மாட்டை மட்டும் ஏன் ஒன்றும் செய்வதில்லை?

கரிசல் | ஜூன் 9, பிற்பகல் 1.10

இரண்டு சங்கதி கலந்துவிட்டது. காசிபால் மஞ்சள்கருவைக் கெடுக்கும். முட்டையைச் சேமித்து வைக்கும்போது மஞ்சள்கருவின் இரும்போடு சேர்ந்து பச்சையும் பழுப்புமாக மாற்றும். வெள்ளைக்கரு சிவப்பதற்குக் காரணம் வேறு, எண்ணெயில் உள்ள மால்வாலிக், ஸ்டெர்குலிக் என்ற கொழுப்பு அமிலங்கள். எண்ணெய் மிச்சமுள்ள எக்ஸ்பெல்லர் புண்ணாக்கில் இது அதிகம், கரைப்பானில் எண்ணெய் இறக்கியதில் குறைவு.

மாட்டின் இரைப்பையில் காசிபால் புரதத்தோடு பிணைந்து செயலிழந்துவிடும். அசைபோடாத கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதியில்லை. கன்றுக்கும் இரைப்பை வளரும்வரை இல்லை. நாலு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொட்டையும் வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம். காசிபால் இதயத்தைத் தாக்கும். கன்று சில வாரம் நன்றாகத் தின்று, மூச்சு வாங்கித் திடீரென்று விழும். பொலிகாளைக்கும் பொலிகிடாய்க்கும் அளவு மிஞ்சக் கூடாது, விந்தணு குறையும். 1970களில் சீனாவில் இதை ஆண் கருத்தடை மருந்தாகவே சோதித்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததும், சிலருக்குக் கருவுறும் திறன் திரும்பாததும் கண்டு கைவிட்டார்கள்.

கோழிக்குப் போட்டே ஆக வேண்டுமென்றால் இரும்பு சல்பேட் கலப்பார்கள். முட்டைக்கோழிக்கு விடுபட்ட (புரதத்தோடு பிணையாத) காசிபாலைப்போல நாலு மடங்கு இரும்பு. புண்ணாக்கில் விடுபட்ட காசிபால் 0.05 சதவீதம், தீவனத்தில் புண்ணாக்கு 10 சதவீதம் என்றால் கிலோ தீவனத்துக்கு 50 மில்லிகிராம் காசிபால், 200 மில்லிகிராம் இரும்பு. இரும்பு சல்பேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு, ஆகவே டன்னுக்கு 1 கிலோ. புண்ணாக்கின் காசிபால் அளவைச் சோதிக்காமல் குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள்.

மருதாணி | ஜூன் 9, இரவு 7.45

காசிபால் இல்லாத பருத்தியே வராதா?

கரிசல் | ஜூன் 9, இரவு 9.00

சுரப்பியே இல்லாத ரகங்களை அமெரிக்காவில் 1950களிலேயே கண்டார்கள். இலையிலும் காயிலும் காசிபால் இல்லாததால் பூச்சியும் எலியும் விடவில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் குழு, விதையில் மட்டும் காசிபாலைக் குறைத்து மற்ற பாகங்களில் விட்டுவைக்கும் முறையை 2006இல் வெளியிட்டது. 2018இல் அமெரிக்க வேளாண் துறையும், 2019இல் அங்கத்திய உணவு மருந்து நிர்வாகமும் அனுமதித்தன. நம் சந்தையில் கிடைக்கும் கொட்டையை அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆலைத்தெரு | ஜூன் 10, காலை 7.10

மரச்செக்குப் பருத்திக்கொட்டை எண்ணெய் என்று விளம்பரம் வருகிறது. உடம்புக்கு நல்லதாம்.

கரிசல் | ஜூன் 10, காலை 11.30

கடலைக்கும் எள்ளுக்கும் செக்கு சரி. பருத்திக்கொட்டையைச் செக்கில் ஆட்டி அப்படியே தாளிக்கக் கூடாது. ஆட்டியவுடன் வரும் எண்ணெய் கறுஞ்சிவப்பாக இருக்கும், அந்த நிறத்தில் காசிபாலும் சேர்ந்தே இருக்கிறது. காஸ்டிக் சோடா விட்டுச் சோப்புக்கசடாகப் பிரித்து, வெளுக்கும் மண்ணில் வடித்து, வெற்றிடத்தில் நீராவி செலுத்தி வாடை போக்கிய பிறகே சமையலுக்கு ஆகும். சூடேறிய குவியலின் கொட்டையை ஆட்டினால் நிறம் எண்ணெயிலேயே படிந்துவிடும், காஸ்டிக்குக்கும் போகாது. ஆலைகள் புதுக்கொட்டைக்குக் கூடுதல் விலை தருவது இதற்காகத்தான்.

1911இல் அமெரிக்காவில் வந்த கிரிஸ்கோ, இந்த எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி இறுகவைத்ததுதான். இன்றும் குஜராத்தில் கபாசியா எண்ணெய் இல்லாத கடை கிடையாது. நல்லெண்ணெயில் இதைக் கலந்திருந்தால் ஆய்வகத்தில் ஹால்ஃபென் சோதனை காட்டிக்கொடுக்கும், செம்மை நிறம் வரும்.

மதுரைக்காரி | ஜூன் 10, மாலை 4.25

அப்படியானால் பருத்திப்பால்? மதுரையில் தள்ளுவண்டியில் காலங்காலமாக விற்கிறார்களே. அளவோடு எழுதுகிறேன், இதில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

200 கிராம் கொட்டையை நாலைந்து தண்ணீரில் கழுவி எட்டு மணி நேரம் ஊறவைப்பது. நீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிவது. சக்கையை மறுபடி இரண்டு முறை அரைத்துப் பிழிந்தால் மொத்தம் ஒரு லிட்டர் பால். துணி மெல்லிசாக இல்லாவிட்டால் பஞ்சிழை இறங்கித் தொண்டையில் நிற்கும். ஊறவைத்த பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டியை நைசாக அரைத்துக் கலந்து சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். பச்சை வாடை போய்க் கூழ்ப் பதம் வந்ததும் 200 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல். கருப்பட்டியை முன்னாலேயே ஊற்றினால் அரிசி வேகாது, மாவு வாடை அடிக்கும்.

கரிசல் | ஜூன் 11, காலை 6.30

செய்முறையில் குறையில்லை அக்கா. மூன்றைச் சேர்க்கிறேன். சாயம் பூசாத கொட்டை என்பதைக் கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும், விதைக்கடைச் சரக்கு கூடவே கூடாது. பூஞ்சணம் பிடித்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும், சூட்டில் காசிபாலின் ஒரு பகுதி புரதத்தோடு பிணையும். முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பதற்கும் தினமும் மருந்தாகக் குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மருதாணி | ஜூன் 11, காலை 8.00

இந்தப் பேச்சுக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். 2019 ஜனவரியில் சீனாவின் சாங்இ-4 கலத்துக்குள் நிலவில் முளைத்தது பருத்தி விதைதான்!

கரிசல் | ஜூன் 11, காலை 8.40

ஆமாம், இலை விட்டது. நிலவின் இரவு வந்ததும் குளிரில் போய்விட்டது. பருத்திக்கு மண் வெதுவெதுப்பாக இருந்தால்தான் முளைப்பே ஒழுங்காக வரும்.

கரிசல் | ஜூன் 12, காலை 7.00

பூஞ்சணத்தை இரண்டு இடத்தில் தொட்டுவிட்டுப் போய்விட்டேன், கறவைக்காரர்களுக்கு அதுதான் முக்கியம். ஈரக்கொட்டையில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். மாடு தின்றால் அதில் 1 முதல் 3 சதவீதம் எம்1 என்ற வடிவத்தில் பாலுக்கு வரும். பாலில் எம்1 வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு கணக்கு: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் உள்ள கெட்ட கொட்டை 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம். 2 சதவீதம் என்றால் 8 மைக்ரோகிராம் பாலுக்குப் போகும். 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. வரம்பைத் தாண்டிவிட்டது. காய்ச்சினாலும் போகாது.

2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 5.7 சதவீதம் இந்த வரம்பைத் தாண்டியது. தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. இது பாலுக்குள் வரும் வழி தீவனம் மட்டுமே, பாலில் யாரும் கலப்பதில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பாலில் இறங்கிவிடும்.

கொட்டையின் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். குவியலாக இருந்தால் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பதினைந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடாக இருந்தால் உடனே பரப்பிக் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிச் சேர்க்காமல் பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

வானம்பார்த்தான் | ஜூன் 13, மாலை 6.00

நான் கே ரகம் மானாவாரியில் போடுகிறேன். சொந்த விதைக்கு இழை நீக்கச் சாணம் போதுமா, அமிலம்தான் வேண்டுமா?

கரிசல் | ஜூன் 14, காலை 7.20

கையால் ஊன்றுவதற்குச் சாணமே போதும். சாணியையும் செம்மண்ணையும் கூழாகக் கரைத்து, கொட்டையில் தெளித்து, சாக்கின் மேல் உள்ளங்கையால் தேய்த்தால் இழை படிந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும். நிழலில் ஆறவிட்டு அன்றே ஊன்றலாம். சொத்தையைப் பிரிக்க இதில் வழியில்லை.

அமிலம் என்றால் கிலோ விதைக்கு அடர் கந்தக அமிலம் 100 மில்லி. பிளாஸ்டிக் வாளி மட்டும், உலோகம் கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. விதை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் அமிலம் கொதித்து முளையை அவித்துவிடும். அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விதையின் மேல் ஊற்றி மரக்குச்சியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளற வேண்டும். இழை கரைந்து விதை காப்பிக்கொட்டை நிறத்தில் பளபளக்கும், அந்த நொடியில் நிறுத்துங்கள். அமிலம் கலந்த விதைமேல் கொஞ்சமாகத் தண்ணீர் விடக் கூடாது, தெறிக்கும், சூடேறும். பெரிய தொட்டியில் பத்து மடங்கு தண்ணீர் தயாராக வைத்து, விதையை அதில் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். நாலைந்து முறை கழுவி, கடைசிக்கு முந்திய தண்ணீரில் தெளிந்த சுண்ணாம்பு நீர் சேர்த்து, லிட்மஸ் தாளில் பாருங்கள். சிவந்தால் இன்னும் கழுவ வேண்டும். இப்போது மிதப்பதைத்தான் சொத்தை என்று அள்ளி எறியலாம். நிழலில் காயவையுங்கள். கழுவிய நீரைச் சுண்ணாம்பு போட்டு அமிலம் முறித்த பிறகே கொட்ட வேண்டும்.

அமிலம் வாங்க 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அடையாள அட்டை வேண்டும், உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். எம்.சி.யு. 5 போன்ற ரகங்களுக்கு ஏக்கருக்கு இழையோடு என்றால் 6 கிலோ, நீக்கியது என்றால் 3 கிலோ விதை. கே ரகத்தில் செடி நெருக்கம் அதிகம், இதைவிடக் கூடுதலாக எடுத்துவையுங்கள். கோவில்பட்டி நிலையத்தில் கேட்டால் இடைவெளியோடு சேர்த்துச் சொல்வார்கள்.

விதைக்குமுன் 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள். நாலாம் நாள் ஒரு எண்ணிக்கை, பன்னிரண்டாம் நாள் கடைசி எண்ணிக்கை. 65க்குக் கீழே போனால் அந்த விதையை மாற்றுங்கள். புதுவிதையாக இருந்தால் உறக்கம் தெளியச் சில வாரம் விட்டு இன்னொரு முறை சோதியுங்கள்.

வானம்பார்த்தான் | ஜூன் 14, இரவு 8.10

சாணத்திலேயே செய்கிறேன். தேய்த்த விதை மழை தள்ளினால் எத்தனை நாள் தாங்கும்?

கரிசல் | ஜூன் 14, இரவு 9.05

தாங்காது. சாண ஈரத்தில் விதை ஊறத் தொடங்கிவிடும், மறுநாளே சூடேறும். மண் நனைந்ததைப் பார்த்த பிறகு அன்றன்றைக்கு ஊன்றும் அளவை மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள்.